செருப்பு கடிக்கும்போது: பொது இடத்தில் பெண்கள் காலணி கழற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் வட்டாரத்தில் செருப்பைக் கழற்றுவது யாருக்கும் புதிதில்லை. வீட்டு வாசலில் கழற்றுகிறோம், கோயிலில் கழற்றுகிறோம், டாக்டர் அறைக்கு வெளியே கழற்றுகிறோம். அங்கெல்லாம் இடம் கேட்கிறது, கழற்றுகிறோம். கால் கேட்கும்போதுதான் பெண்களுக்குக் கூச்சம் வந்துவிடுகிறது. கல்யாண மண்டபத்திலும் பஸ்ஸிலும் வேலை பார்க்கும் கடையிலும், கடிக்கிற செருப்போடு மணிக்கணக்கில் வலியைப் பொறுத்துக்கொண்டு இருக்கிறார்கள். அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் பதில்களும் இங்கே.

வலிக்கிறது என்பதற்காக நாலு பேர் நடுவில் செருப்பைக் கழற்றுவது மரியாதைக் குறைவா?

இல்லை. நம் வழக்கத்தில் வெறுங்காலுக்கு இழுக்கு கிடையாது. அசுத்தம் என்று நினைப்பது செருப்பின் அடிப்பக்கத்தைத்தான். அதனால் கழற்றுவதை யாரும் தப்பாக எடுப்பதில்லை. கழற்றிய பிறகு காலை எங்கே வைக்கிறீர்கள், செருப்பை எங்கே வைக்கிறீர்கள் என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

உள்ளங்கால் எதிரில் இருப்பவரைப் பார்த்து இருக்கக்கூடாது. பெரியவர்கள், சாமி படம், குத்துவிளக்கு எதிரே இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். செருப்பு ஆள் நடக்கிற வழியில் கிடக்கக்கூடாது, கவிழ்ந்தும் கிடக்கக்கூடாது. கவிழ்ந்த செருப்பு சண்டையைக் கொண்டுவரும் என்று நம்புகிற பெரியவர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் மனம் சங்கடப்படாமல் நிமிர்த்தி வைத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், செருப்பைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு ஆட்கள் நடுவே நடக்காதீர்கள். ‘செருப்பைக் கையில் எடுத்தாள்’ என்றால் தமிழில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கால் வலியில் கையில் பிடித்திருக்கிறீர்கள் என்பது தூரத்தில் இருப்பவருக்குத் தெரியாது. கைப்பையில் ஒரு மஞ்சப்பையை மடித்து வைத்திருங்கள். இரண்டு செருப்பையும் அடிப்பக்கம் ஒன்றோடொன்று ஒட்டுகிற மாதிரி சேர்த்துப் பைக்குள் போட்டு எடுத்துப் போகலாம்.

மண்டபத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே எப்படிக் கழற்றுவது?

கடைசி நாற்காலிகளுக்குப் போய் ஒளிய வேண்டியதில்லை. ஆனால் வரிசையின் ஓர நாற்காலி வேண்டாம். அந்த வழியாகத்தான் பன்னீர்த் தட்டு போகும், வீடியோ எடுப்பவர் ஒயரை இழுத்துக்கொண்டு நடப்பார், பிள்ளைகள் ஓடுவார்கள். உங்கள் செருப்பை யாராவது தெரியாமல் உதைத்தால் அது நாலு வரிசை தள்ளிப் போய்விடும். வரிசைக்குள் இரண்டு மூன்று நாற்காலி தள்ளி உட்காருங்கள்.

முதலில் இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றுங்கள். பக்கிள் இருந்தால் குனிந்து கையால் அவிழுங்கள். ஒரு காலால் மற்றக் காலின் குதிகால் பகுதியை மிதித்துக் கழற்றுகிற பழக்கம் கட் ஷூவின் பின்பக்க அட்டையை மடக்கிவிடும்; மடங்கிய விளிம்புதான் அடுத்த முறை குதிகாலைக் கடிக்கும். அவிழ்த்ததும் காலை முழுக்க வெளியே எடுக்காதீர்கள். குதிகாலை மட்டும் உருவி, செருப்பின் மேலேயே பாதத்தை வைத்து ஐந்து நிமிடம் இருங்கள். பாதி நேரம் இதுவே போதும். யாராவது திடீரென்று வந்து ‘வாங்க’ என்றாலும் உடனே நுழைத்துக்கொண்டு எழலாம்.

அப்படியும் வலி நிற்கவில்லை என்றால் முழுதாகக் கழற்றி, ஜோடியை உங்கள் நாற்காலியின் முன்கால்களுக்குப் பின்னால், நுனி முன்பக்கம் பார்க்கிற மாதிரி தள்ளிவிடுங்கள். முன்வரிசை நாற்காலிக்கு அடியில் தள்ளக்கூடாது. அது வேறொருவர் இடம். பாதத்தைச் சேலைக் கரைக்குள் இழுத்துக்கொண்டால் பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது.

இன்னொன்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பக்கிளை அவிழ்த்த கை செருப்பைத் தொட்ட கை. அதே கையால் அட்சதை எடுக்கவோ, தாம்பூலம் வாங்கவோ, பந்தியில் உட்காரவோ கூடாது. கழுவ வழியில்லை என்றால் ஈரத் துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். கழற்றியது பெரியவர்கள் கண்ணில் படாது, இது படும்.

ஒரு மணி நேரம் கழித்து மாட்டினால் செருப்பு நுழைய மறுக்கிறது. ஏன்?

காலைத் தொங்கவிட்டு அசையாமல் உட்கார்ந்தால் கெண்டைக்கால் தசை வேலை செய்வதில்லை. அந்தத் தசை சுருங்கி விரியும்போதுதான் காலில் இருக்கிற ரத்தம் மேலே தள்ளப்படும். அது நின்றால் பாதத்தில் நீர் தங்கி வீங்கும். போட்டிருந்தவரை செருப்பு இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. கழற்றியதும் பாதம் தன் இஷ்டத்துக்குப் பருக்கிறது.

எழப்போவதற்கு ஐந்து பத்து நிமிடம் முன்பே தயாராகுங்கள். குதிகாலைத் தரையில் வைத்து விரல்களைத் தூக்கி இறக்குங்கள், பிறகு விரல்களை ஊன்றிக் குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், இருபது முறை. கணுக்காலை இரு பக்கமும் பத்துச் சுற்று சுற்றுங்கள். பக்கிள் வாரை ஒரு துளை தளர்த்தி மாட்டுங்கள். பழைய துளையில்தான் போடுவேன் என்று இழுத்தால் வார் பிய்ந்துவிடும் அல்லது தோலில் பதியும்.

இரண்டு காலும் சமமாக வீங்குவது பெரும்பாலும் நீண்ட நேரம் உட்கார்ந்ததால் வருவது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்கால் வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம். கர்ப்பிணிகள் இதில் இன்னும் கவனமாக இருக்கவேண்டும்.

ஹீல்ஸைக் கழற்றினால் சேலை தரையில் இழுபட்டுத் தடுக்குகிறதே?

ஹீல்ஸ் போட்டுக்கொண்டு சேலை கட்டினால் கரை தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி கொசுவத்தை வைக்கிறோம். இரண்டரை அங்குல ஹீல்ஸைக் கழற்றினால் ஏறக்குறைய அந்த அளவு துணி தரையில் புரளும். பட்டுச் சேலையின் கொசுவம் கட்டைவிரலுக்கு அடியில் மாட்டி, அடுத்த அடி வைக்கும்போது இடுப்பிலிருந்து மொத்தமாக உருவிக்கொண்டு வரும். மண்டபத்துப் படிக்கட்டில் விழுவது பெரும்பாலும் இப்படித்தான்.

இடையில் கழற்றுவோம் என்று முன்பே தெரிந்தால், முக்கால் அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரை உயரமுள்ள செருப்பைப் போட்டுக்கொண்டு சேலை கட்டுங்கள். ஹீல்ஸோடு பார்த்தால் கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், வெறுங்காலோடு நடந்தாலும் மாட்டாது. முன்பே தெரியாமல் கழற்ற நேர்ந்தால், எழுவதற்கு முன் கொசுவம் செருகியிருக்கும் இடத்தில் பாவாடையோடு சேர்த்து ஒரு மடி உள்ளே சுருட்டுங்கள். அங்கே இருக்கிற ஊக்கைக் கழற்றாமல் இதைச் செய்தால் துணி கிழியும். ஊக்கை எடுத்து, சுருட்டி, மறுபடி குத்துங்கள். படி ஏறும்போது கொசுவத்தின் நடுவைக் கையால் ஒரு சாண் தூக்கிப் பிடித்தே ஏறுங்கள்.

மெட்டியும் கொலுசும் போட்டிருந்தால்?

கூர்முனை ஷூவும் மெட்டியும் சேராது. மெட்டி இரண்டாம் விரலில் இருக்கிறது. முனை குறுகினால் அந்த வெள்ளி மூன்றாம் விரலின் பக்கவாட்டில் அழுந்தி, மாலைக்குள் தோல் சிவந்து உரிந்துவிடும். மெட்டி போடுகிறவர்களுக்கு முன்பக்கம் அகலமான அல்லது திறந்த செருப்புதான் சரி. வாயுள்ள மெட்டியை விழா நாளில் கொஞ்சம் விரித்துத் தளர்வாக வையுங்கள். மூடிய வளைய மெட்டி வீங்கிய விரலில் மாட்டிக்கொண்டால், காலைத் தூக்கி வைத்து, குளிர்ந்த நீர் ஊற்றி, சோப்புத் தடவிச் சுழற்றி எடுங்கள். விரல் நீலம் பாரித்தாலோ மரத்தாலோ இழுத்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போய் வெட்டி எடுக்கவேண்டும்.

கொலுசு கணுக்கால் வாரோடு மாட்டிக்கொள்வது சின்ன விஷயம். வாருக்கு மேலே கொலுசு நிற்கிற மாதிரி தள்ளிவிட்டுப் பிறகு பக்கிளை அவிழுங்கள்.

மேடைக்குக் கூப்பிடுகிறார்கள். செருப்போடு ஏறலாமா?

முகூர்த்த மேடையில் ஹோமம் இருக்கிறது, அரசாணிக்கால் இருக்கிறது. அங்கே செருப்பு கூடாது. முந்தின நாள் வரவேற்பு மேடையில் பெரும்பாலும் செருப்போடுதான் ஏறுகிறார்கள். குழப்பமாக இருந்தால் மேடைப் படிக்குக் கீழே ஜோடி ஜோடியாகச் செருப்பு கிடக்கிறதா என்று பாருங்கள்.

கழற்றுவதை முதல் படியிலோ மேடை மேலேயோ வைத்துக்கொள்ளாதீர்கள். பின்னால் வருகிறவர் தடுக்குவார், போட்டோவிலும் விழும். உட்கார்ந்த இடத்திலேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்து போவதுதான் அழகு.

வரவேற்பில் மூன்று நான்கு மணி நேரம் நிற்கிற மணப்பெண்ணுக்கு ஒன்று சொல்லவேண்டும். லெஹங்காவோ சேலையோ பாதத்தை மூடுகிறது. மாப்பிள்ளையின் உயரத்துக்கு ஈடுகட்டத்தான் ஹீல்ஸ் என்றால், கூட்டம் குறைந்த நேரத்தில் அதைக் கழற்றிவிட்டு, போட்டோ எடுப்பவரிடம் சொல்லி, இரண்டு அங்குல உயரப் பலகை ஒன்றைக் காலடியில் போட்டுக்கொண்டு நில்லுங்கள். வெறுங்காலும் தட்டையான பலகையும் போதும். படத்தில் வித்தியாசம் தெரியாது. செருப்பைத் தோழியிடமோ அத்தை பெண்ணிடமோ ஒப்படைத்துவிடுங்கள்.

பந்தியில்?

தரையில் பாய் விரித்த பந்தியில் கேள்வியே இல்லை, வாசலிலேயே கழற்றவேண்டும். மேசைப் பந்தியில் ஊருக்கு ஊர் மாறுகிறது. உங்களுக்கு முன் உட்கார்ந்தவர்களைப் பார்த்துச் செய்யுங்கள். மேசைக்கு அடியில் கழற்றினால் பாதத்தை உங்கள் நாற்காலிக்குள் வைத்திருங்கள். கால் யார் மீதாவது பட்டுவிட்டால், இடது கையால் அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்ற முடியாது, வலது கை சாப்பாட்டில் இருக்கும். ‘கால் பட்டுருச்சு, மன்னிச்சுக்குங்க’ என்று வாயால் சொன்னால் போதும்.

பஸ்ஸிலும் ரயிலிலும் கழற்றலாமா?

டவுன் பஸ்ஸில் வேண்டாம். பிரேக் போட்டால் செருப்பு டிரைவர் பக்கம் போய்விடும், நின்று வருகிறவர்கள் உங்கள் விரலை மிதிப்பார்கள். உட்கார இடம் கிடைத்தாலும் குதிகாலை மட்டும் உருவிக்கொண்டு வாருங்கள்.

சென்னையிலிருந்து இரவு பஸ்ஸில் வருகிறவர்கள் கழற்றித்தான் ஆகவேண்டும். இல்லாவிட்டால் விடியும்போது பாதம் செருப்புக்குள் அடங்காது. கழற்றியதைப் பைக்குள் போட்டு இருக்கைக்கு அடியில் வையுங்கள். எதிர் சீட்டில் காலை நீட்டுவது, முன் சீட்டு இடுக்கு வழியே பாதத்தை விடுவது இரண்டும் கூடாது. முன்னால் இருக்கிறவர் கைப்பிடியில் முழங்கையை வைத்திருப்பார், அங்கே உங்கள் விரல் பட்டால் அவருக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

சோழன் எக்ஸ்பிரஸ் போன்ற பகல் ரயிலில் எதிரெதிர் இருக்கை இருக்கும். எதிரில் இருக்கிறவர் இறங்கிவிட்டால் அந்த இடத்தில் காலை நீட்டலாம், செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு துண்டோ நாளிதழோ விரித்து. யாராவது வந்தால் அவர் கேட்கும் முன் காலை எடுங்கள். கழிப்பறைக்கு வெறுங்காலோடு போகவே கூடாது. அதற்காகவே ஒரு ரப்பர் செருப்பைப் பையில் வைத்துக்கொள்கிற பெண்கள் புத்திசாலிகள்.

கோயில் கோயிலாகப் போகும்போது எந்தச் செருப்பு வசதி? வெயிலில் கல் சுடுகிறதே?

நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் ஒரே நாளில் பார்ப்பவர்கள் திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு என்று ஒன்பது இடத்தில் கழற்றி ஒன்பது இடத்தில் மாட்டவேண்டும். பக்கிள் வைத்த செருப்பு மூன்றாவது கோயிலிலேயே சலித்துவிடும். பின்வார் இல்லாத செருப்பு கழற்ற எளிது, ஆனால் அது நழுவாமல் இருக்க விரல்களால் இறுக்கிப் பிடித்தே நடப்போம். மாலைக்குள் விரலும் கெண்டைக்காலும் வலிக்கும். பின்னால் ஒற்றை ஒட்டு வார் உள்ள, தண்ணீரில் கழுவக்கூடிய ரப்பர் செருப்புதான் இந்தப் பயணத்துக்குப் பொருத்தம். குளக்கரையில் கால் கழுவிவிட்டு ஈரத்தோடு மாட்டுவதால் தோல் செருப்பு ஊறிக் கடிக்கத் தொடங்கும்.

செருப்பைப் பைக்குள் மறைத்துக் கோயிலுக்குள் கொண்டுபோவது தவறு. வெளியே காப்பிடத்தில் கொடுத்து டோக்கன் வாங்குங்கள். காரிலேயே விட்டுவிட்டு நடக்கலாம் என்று நினைப்பவர்கள், வண்டி நிறுத்துமிடத்திலிருந்து கோபுர வாசல் வரை தார்ச்சாலை இருக்கிறதா என்று பாருங்கள். மே மாத மதியத்தில் தார் கல்லைவிட மோசமாகச் சுடும்.

தஞ்சைப் பெரிய கோயிலின் உள்மதில் ஏறக்குறைய 240 மீட்டர் நீளம், 120 மீட்டர் அகலம். மதிலை ஒட்டி ஒரு சுற்று வந்தால் 700 மீட்டர் வெறுங்கால் நடை. சித்திரை, வைகாசியில் காலை ஒன்பது மணிக்குள் அல்லது மாலை ஐந்துக்கு மேல் போங்கள். நடுப்பகலில் மாட்டிக்கொண்டால் திருச்சுற்று மாளிகையின் நிழலிலேயே சுற்றுங்கள், தேங்காய்நார் விரிப்பு போட்டிருந்தால் அதை விட்டு இறங்காதீர்கள். அவசரத்தில் ஓடுவதால் பலன் இல்லை. ஓடும்போது முன்பாதம் மட்டும் அழுந்தி அங்கே கொப்புளிக்கும். கெட்டியான பருத்திக் காலுறை சூட்டைக் கொஞ்சம் தாங்கும். அதை அணியலாமா என்று வாசலில் இருக்கும் ஊழியரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

திருவையாற்றில் பெரும்பாலும் ஜனவரியில் நடக்கும் தியாகராஜர் ஆராதனைக்குப் போகிறவர்களுக்கும் பைதான் துணை. பந்தலில் தரையில்தான் உட்காரவேண்டும், வாசலில் செருப்பு மலைபோல் குவிந்திருக்கும். நாகூர் தர்காவிலும் வேளாங்கண்ணி ஆலயத்திலும் கழற்றிவிட்டே உள்ளே போவது வழக்கம்.

சர்க்கரை நோய் இருக்கிறது. எல்லா இடத்திலும் கழற்றச் சொல்கிறார்களே?

இந்தப் பக்கத்தில் எதையாவது ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். சர்க்கரை நோய் பல வருடமாக இருந்தால் பாதத்தின் உணர்வு குறைந்துவிடுகிறது. சூடான கல்லில் நடந்தவருக்குச் சுட்டதே தெரியாது. இரவு வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம் இருக்கும். அது புண்ணாகி ஆறாமல் போவதுதான் விரலையோ காலையோ இழப்பதற்குத் தொடக்கம்.

ஆகவே உங்களுக்குக் கால் வலித்தாலும் தெருவில், பஸ் ஸ்டாண்டில், மண்டபத்து வெளிமுற்றத்தில் கழற்றிவிட்டு நடக்காதீர்கள். உட்கார்ந்த இடத்தில் கழற்றி ஆற்றிக்கொள்வதில் தவறில்லை, எழும்போது மாட்டிவிடுங்கள். மாட்டும் முன் செருப்புக்குள் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். சின்னக் கல், ஊக்கு, சரவெடித் துண்டு எது இருந்தாலும் காலுக்குத் தெரியாது.

உறவினர் வீட்டுக்குப் போகும்போது வீட்டுக்குள் மட்டுமே போடுகிற எம்.சி.ஆர். செருப்பு (மெத்தென்ற ரப்பர் செருப்பு) ஒன்றைத் தனியாக எடுத்துப் போங்கள். ‘அத்தை, எனக்குச் சுகர், வெறுங்காலோட நடக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார், இது வீட்டுக்குள்ள போடுற செருப்புதான்’ என்று வாசலிலேயே சொல்லிவிட்டால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். கிளினிக்கில் கழற்றச் சொன்னாலும் இதையே சொல்லுங்கள்.

யானைக்கால் பாதிப்பு உள்ளவர்களுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. சின்ன வெட்டு, விரலிடுக்குச் சேற்றுப்புண் வழியாகக் கிருமி நுழைந்தால் காய்ச்சலோடு கால் மேலும் வீங்கும். கழற்றிய பாதத்தை வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் இல்லாமல் துடைத்துக்கொள்ளுங்கள்.

துணிக்கடை, நகைக்கடையில் நாள் முழுக்க நிற்கிறோம். செருப்பைக் கழற்றினால் சூப்பர்வைசர் திட்டுகிறார்.

பாயில் உட்கார்ந்து பட்டுச் சேலை காட்டுகிற கடையில் வெறுங்கால்தான் வழக்கம், சிக்கல் இல்லை. கவுண்டருக்குப் பின்னால் டைல்ஸ் தரையில் நிற்பவர்களுக்குத்தான் கஷ்டம். வெறுங்காலோடு கடினமான தரையில் பத்து மணி நேரம் நிற்பதும் குதிகாலுக்குக் கேடுதான். காலடிக்கு ஒரு ரப்பர் விரிப்பு போட்டு, மெத்தென்ற தட்டைச் செருப்போடு நிற்பதும், நடுநடுவே உட்கார்ந்து கழற்றி ஆற்றுவதும் சரியான வழி.

உட்காருவது சலுகை கிடையாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் செய்த திருத்தம், எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி செய்து தரவேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார இடமிருக்கவேண்டும் என்கிறது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து செருப்பை உருவிக்கொள்வதை யாரும் குற்றமாகச் சொல்ல முடியாது.

அலுவலகத்தில் மேசைக்கு அடியில் கழற்றலாம். எதிரே மனு கொடுக்க ஒருவர் உட்கார்ந்திருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள்.

‘இந்தத் தெருவில் செருப்பைக் கழற்றிவிட்டு நட’ என்று யாராவது சொன்னால்?

கழற்றாதீர்கள். டெல்டா கிராமங்களில் வயல் வேலை செய்த தலித் மக்கள் மேல்சாதித் தெருக்களில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்று வற்புறுத்தப்பட்டதை நேரில் பார்த்தவர்கள், அனுபவித்தவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் சொல்கிற நாகரிகம் எதற்கும் அதோடு உறவு கிடையாது. பொது இடத்தில் செருப்பு அணிவதைச் சாதியின் பேரால் தடுப்பது, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். 1989-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 2015-ல் செய்த திருத்தம் செருப்பு அணிவதைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. உங்கள் செருப்பை எப்போது கழற்றுவது என்பதை உங்கள் காலும் நீங்களும் முடிவுசெய்யவேண்டும்.

துக்க வீட்டில்?

வாசலில் இருந்து கொஞ்சம் தள்ளியே கழற்றிவிடுங்கள். பந்தலுக்கு அடியில் இடம் தேடி யோசித்துக்கொண்டு நிற்கிற நேரம் அல்ல அது. கூட்டத்தில் செருப்பு மாறிப்போகும், தொலைந்தும் போகும். அதனால் பழைய ரப்பர் செருப்போடு போவதே நல்லது. வீடு திரும்பியதும் வாசலில் கால் கழுவிவிட்டு உள்ளே போவது வழக்கம்.

கழற்றினால் நாற்றம் வருமோ என்று பயமாக இருக்கிறது.

வியர்வைக்குத் தானாக நாற்றம் கிடையாது. தோலில் இருக்கிற பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் வருகிறது. ரெக்சின், பிளாஸ்டிக் உள்பூச்சு உள்ள ஷூவில் ஈரம் வெளியேற வழியில்லாததால் அதிகமாகிறது. ஒரே ஷூவை அடுத்தடுத்த நாள் போடாதீர்கள். முழுதாக உலர ஒரு நாளாவது ஆகும். முந்தின இரவு சமையல் சோடா இரண்டு தேக்கரண்டியை உள்ளே தூவிக் காலையில் தட்டிவிடுங்கள். விழா இடத்தில் கழற்றிய பிறகு நாற்றம் தெரிந்தால் வாசனைத் தைலம் தெளிக்காதீர்கள், இரண்டும் கலந்து இன்னும் மோசமாகும். கை கழுவும் இடத்துக்குப் போய்ப் பாதத்தைக் கழுவித் துடைத்துவிட்டு வாருங்கள்.

செருப்புக் கடி கொப்புளமாகிவிட்டது. உடைக்கலாமா?

உடைக்காதீர்கள். மேல் தோல்தான் அந்தப் புண்ணுக்குக் கட்டு. கழுவி, ஈரம் ஒற்றி, பஞ்சு வைத்த பிளாஸ்திரி ஒட்டுங்கள்; பசை கொப்புளத்தின் மேல் படாமல் சுற்றியுள்ள நல்ல தோலில் பிடிக்கவேண்டும். தானாக உடைந்தால் தொங்கும் தோலைப் பிய்க்காமல் அப்படியே படியவைத்து மூடுங்கள். பற்பசை, காப்பித்தூள் எதுவும் பூசவேண்டாம். சிவப்பு பரவினாலோ, சீழ் கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் எந்தக் கொப்புளத்தையும் அன்றே காட்டவேண்டும்.

கடிப்பது தோல் உரசலால் மட்டும் இல்லை; ஈரமும் சேர்ந்தால் இன்னும் மோசமாகும். வியர்வையில் ஊறிய தோல் சீக்கிரம் பிரியும். அதனால் கிளம்பும் முன் குதிகால், சுண்டுவிரல் ஓரம், வார் குறுக்கே போகிற இடம் மூன்றிலும் வாஸ்லின் மெல்லியதாகத் தடவுங்கள். ஷூவின் பின் விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தாலும் வழுக்கிக்கொடுக்கும். தேங்காய் எண்ணெய் தோல் வாரை மென்மையாக்கும். ஆனால் பட்டுக் கரையில் கறை படியும், ஒட்டுப்பசையையும் இளக்கிவிடும்.

கழற்றவே தேவைப்படாத செருப்பை எப்படி வாங்குவது?

மாலையில் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் முழு அளவில் இருக்கும். நின்றுகொண்டு பாருங்கள். மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இடம் வேண்டும். பலருக்கு நீண்ட விரல் கட்டைவிரல் அல்ல, இரண்டாம் விரல். இரண்டு பாதமும் ஒரே அளவாக இருக்காது, பெரிய பாதத்துக்கு வாங்குங்கள். நம் கடைகளில் இருக்கும் ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் நீளத்தில் எட்டரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அகலம் போதாமல் பிடிக்கிற செருப்பை ஒரு சைஸ் கூட்டி வாங்கினால் குதிகால் நழுவிப் புது இடத்தில் கடிக்கும். ‘போடப் போட லூஸாயிடும்’ என்று கடைக்காரர் சொல்வது தோலுக்குப் பொருந்தும், ரெக்சினுக்குப் பொருந்தாது.

புதுச் செருப்பை விழாவுக்கு ஒரு வாரம் முன்பே எடுத்து, வீட்டுக்குள் தினமும் அரை மணி நேரம் போட்டு நடங்கள். ஒரு இடம் மட்டும் பிடித்தால் செருப்பு தைப்பவரிடம் கொடுத்துக் கட்டை போட்டுத் தளர்த்தச் சொல்லுங்கள்.

பீரோவில் பத்திரமாக வைத்திருந்த செருப்பு மண்டபத்தில் அடியோடு பெயர்ந்துவிட்டது. எப்படி?

பாலியூரித்தேன் என்கிற மெத்தென்ற சோல் காற்றில் இருக்கும் ஈரத்தை வாங்கி உள்ளுக்குள் சிதைகிறது. டெல்டாவின் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பெட்டிக்குள் அடைந்து கிடந்தால் சில வருடங்களில் பார்வைக்குப் புதிதாகவே இருந்து, போட்டு நடந்த பத்தாவது நிமிடத்தில் ரஸ்க் போல உதிரும். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைப்பது இதை அதிகமாக்கும். துணிப்பையில் வைத்து, மாதம் ஒருமுறை எடுத்து வீட்டுக்குள் கொஞ்சம் நடங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் சோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்: விரிசல் தெரிந்தாலோ, விரலில் மாவு ஒட்டினாலோ அதை விட்டுவிடுங்கள்.

மழையில் நனைந்த செருப்பை வெயிலில் காயவைக்காதீர்கள், விறைத்துப்போகும். செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து நிழலில் வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றுங்கள்.

கைப்பையில் என்னென்ன இருக்கவேண்டும்?

மடித்த மஞ்சப்பை, தட்டையான ரப்பர் செருப்பு ஒரு ஜோடி, பிளாஸ்திரி நான்கு, சின்ன வாஸ்லின் டப்பா, இரண்டு ஊக்கு, ஈரத் துணி, ஒரு ரப்பர் பேண்டு. கடைசியில் சொன்னது வாசலில் விடுகிற ஜோடியைச் சேர்த்துக் கட்ட. தங்க நிறச் செருப்புகள் எல்லாம் ஒன்றுபோல் இருக்கிற மண்டபத்து வாசலில், உங்களுடையதைத் தேடிக் கண்டுபிடிக்க அதுவே அடையாளம்.